எண்பது போதும்

சித்திரக்குளத்துக்குப் பின்புறச் சந்தில் இருக்கும் அந்த அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில், பிள்ளையார் மாடத்துக்கு நேர் எதிர்த் தூணில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. லாமினேட் செய்தது. 'மின்கார் உரிமையாளர்கள் கவனத்திற்கு. பேட்டரியை இருபதுக்குக் கீழே இறங்க விடாதீர். எண்பதுக்கு மேலே ஏற்றாதீர். எண்பது போதும். மிதமே ஆயுள். இவண், ராமானுஜம், செயலாளர்.' அந்தக் கட்டடத்தில் மின்கார் வைத்திருந்தவர் ராமானுஜம் ஒருவர்தான். அறிவிப்பை அவர் தினமும் ஒரு முறை நின்று படிப்பார். உரிமையாளர்கள் அனைவரும் படித்தாயிற்று என்ற திருப்தியோடு மாடி ஏறுவார்.

காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மண்டல மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறர் உயிருக்கு விலை போட்டே தலை நரைத்ததால், எதற்கும் ஒரு விதி எழுதி ஒட்டாமல் அவரால் இருக்க முடியாது. மொட்டை மாடியில் வடகம் காயவைப்பதற்கு விதி உண்டு. லிஃப்டில் இருமுவதற்கு உண்டு. ஆனால் அவருக்கு மிகவும் பிடித்தது இந்த எண்பதுதான். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் அதைச் சொல்லி, அவர் மோர் சாதத்துக்கு முன்பே எழுந்து போன கதையும் உண்டு.

அந்த வண்டியை இப்போது விற்கப் போகிறார்கள். காரணம் அவருடைய கண். க்ளாக்கோமா. ஓரங்களிலிருந்து உலகம் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து நடுவுக்கு வந்துகொண்டிருந்தது; நடுவிலும் எப்போதும் மார்கழிக் காலைப் பனி. போன வருஷம் தெற்கு மாட வீதியில் ஒரு பூக்காரியின் கூடையை வண்டி தட்டிவிட்டது. சாமந்தி முழுக்கத் தெருவில். "ஓரமா வெச்சா எப்படித் தெரியும்?" என்று அவளிடம் சட்டம் பேசினார். வீட்டுக்கு வந்ததும் சாவியை ஸ்வாமி அலமாரிக்குக் கீழே வைத்தார். அதற்கப்புறம் அவர் ஓட்டவில்லை. கேட்டவர்களிடம் நடைப்பயிற்சி உடம்புக்கு நல்லது என்றார். வாரத்துக்கு ஒரு முறை காவலாளி ஏகாம்பரம் வண்டியைக் குளத்தைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துவான். பழைய ஆட்டோக்காரன். வந்ததும் ராமானுஜம் கீழே போய் ஒயரைச் சொருகி, எண்பதில் நிற்கும்படி தூணில் இருக்கும் டைமரைத் திருகிவிட்டு வருவார்.

அவருக்குத் தெரியாத ஒன்று அவர் மனைவி நீரஜாவுக்குத் தெரியும். அந்தியில் பிள்ளையாருக்கு விளக்கேற்றக் கீழே போகிறவள் அவள்தான். விளக்கை ஏற்றிவிட்டு எதிர்த் தூணுக்குப் போவாள். 'எண்பது போதும்' என்ற அறிவிப்புக்கு நேர் கீழே நின்று டைமரை முழுச் சுற்றுத் திருகுவாள். விடிந்தால் வண்டியில் நூறு இருக்கும். அடுத்த வாரம் வரை நூறிலேயே நிற்கும், சென்னை வெக்கையில்.

இதற்குக் காரணம் ஓர் அறுபத்துமூவர் திருவிழா.

மூன்று வருஷத்துக்கு முந்தைய பங்குனி. மாட வீதிகளில் கால் வைக்க இடமில்லை. பந்தலுக்குப் பந்தல் மோரும் பானகமும். மிதமே ஆயுள் என்று எழுதிய கை, வடக்கு மாட வீதிப் பந்தலில் வாழைக்காய் பஜ்ஜியை எண்ணாமல் எடுத்திருக்கிறது. மத்தியானம் வீட்டுக்கு வந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் உள்ளே வர வழியில்லை. ஏகாம்பரம் வண்டியை எடுத்தான். விதிப்படி இருபத்தொன்று வரை இறங்க விட்டு வைத்திருந்த வண்டி. அடையாறில் ஆஸ்பத்திரி. எல்லாத் தெருவிலும் தடுப்பு. சுற்றிச் சுற்றிப் போனார்கள். பின் சீட்டில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்த நீரஜா, முன்னால் தெரிந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது. பத்தொன்பது. பதினெட்டு. ஒவ்வொன்றும் இறங்கும்போது அவள் வாய் அதைச் சொல்லிற்று.

ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு வாயு என்றார்கள். ராமானுஜம் இன்றுவரை அதைக் 'கார்டியாக் எபிசோட்' என்றே குறிப்பிடுகிறார். நீரஜா அதற்கு எந்தப் பெயரும் வைக்கவில்லை. மறுநாள் அந்தியில் டைமரைத் திருகினாள், அவ்வளவுதான். அவர் ஓட்டுவதை நிறுத்திய பிறகும் திருகினாள்.

இப்போது வாங்க வருகிறவர்கள் பேட்டரியைச் சோதித்துப் பார்ப்பார்களாம். விலை குறைந்தால் குறையட்டும், நீரஜாவுக்கு அது பொருட்டில்லை. இந்த மனுஷனின் ஒரே ஒரு எண்பதை நாலு பேர் நடுவில் தான் பொய்யாக்கிவிட்டோமே என்பதுதான் இரண்டு நாளாக அவள் கவலை. அவரிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் அவர் பேட்டரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை உம்மே ஹானியும் அவள் கணவன் உமர் ஃபாரூக்கும் ராயப்பேட்டையிலிருந்து வந்தார்கள். ஹானி வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். மூட்டு மாற்றியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள். அடையாறில் நான்கு வீடு, ஆதம்பாக்கத்தில் இரண்டு. ஸ்கூட்டரில் சிகிச்சை மெஷினைக் கட்டிக்கொண்டு மழையில் போய் இரண்டு மெஷின் பாழாகியிருந்தது. ஃபாரூக்குக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் உதிரிபாகக் கடை. பிளக், ஃபில்டர், ஃபேன் பெல்ட். மின்காரில் இதெல்லாம் கிடையாது என்பதால் அந்த இனத்தின் மேலேயே அவனுக்கு மனத்தாங்கல். அதைச் சமாளிக்க நாலு மாதம் யூட்யூப் பார்த்துத் தேர்ந்துவிட்டிருந்தான்.

நீரஜா பழக்கதோஷத்தில் சொஜ்ஜியும் பஜ்ஜியும் செய்துவிட்டிருந்தாள்.

"இன்னா ஆன்ட்டி, பொண்ணு பாக்க வந்த மாதிரி எல்லாம் ரெடியா கீது" என்றான் ஃபாரூக்.

"பாத்துட்டு சாப்பிடறவாளும் உண்டு, சாப்பிட்டுட்டுப் பாக்கறவாளும் உண்டு. நீங்க எப்படி?"

"இவரு ரெண்டு பிளேட் சாப்டுட்டு, பொண்ணு புடிக்கலைன்னு சொல்ற ஆளு ஆன்ட்டி" என்றாள் ஹானி.

ராமானுஜம் தொண்டையைச் செருமினார். "மிஸ்டர் ஃபாரூக், பேட்டரிங்கறது மனுஷா வயிறு மாதிரி. நன்னா கேட்டுக்கோங்கோ. முக்கால் வயிறு சாப்பிடறவன் தீர்க்காயுசா இருப்பான். வாங்கின நாள்லேந்து இந்த வண்டி எண்பதைத் தாண்டினதில்லை."

"சொல்றவர் கையில இருக்கறது மூணாவது பஜ்ஜி" என்றாள் நீரஜா, சமையலறைக்குப் போய்க்கொண்டே.

"யூட்யூப்ல கூட அதான் சொல்றான் சார்."

"யூட்யூப்ல என்ன சொல்றது. நான் சொல்றேன்."

"அவனும் ஒங்கள மாதிரியே தான் சார் பேசறான். கைய ஆட்டிக்கினு."

இரண்டு நிபுணர்கள் ஒரு ஹாலில் இருந்தால் காப்பி ஆறிப்போகும். ஆறியது. கடைசியில் ஹானிதான் எழுந்தாள். "வண்டியப் பாக்கலாமா?"

ஃபாரூக் சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்த்தான். கம்பளத்தைத் தூக்கி வெள்ளத் தண்ணீர் நின்ற தடம் இருக்கிறதா என்று முகர்ந்தான். திருப்திதான். கிலோமீட்டர் குறைவு, மேலே ஒரு கீறல் இல்லை. பிறகு அவன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து வண்டியை உயிர்ப்பித்து, முன்னால் தெரிந்த எண்ணைப் பார்த்தான். பார்த்துவிட்டு ஏசியை முழுசாகத் திருகினான். "பெசன்ட் நகர் போய்ட்டு, திரும்பி பட்டினப்பாக்கம் வந்து பாக்கலாம் சார். எவ்ளோ எறங்குதுன்னு தெரிஞ்சுடும்."

ராமானுஜம் முன்னால் உட்கார்ந்தார். பெண்கள் இருவரும் பின்னால். அந்தப் பின் சீட்டில் நீரஜா உட்கார்ந்து வெகு நாளாகியிருந்தது.

கச்சேரி ரோடு, சாந்தோம், அடையாறு என்று வழி முழுக்க ராமானுஜம் சொல்லிக்கொண்டே வந்தார். பிரேக்கை எப்போது தொட வேண்டும், ஏன் தொடக்கூடாது. எதிரே வந்த பஸ் முதல் அதன் டிரைவரின் வளர்ப்பு வரை. ஃபாரூக் "ஆமா சார், ஆமா சார்" என்றபடி தன் இஷ்டத்துக்கு ஓட்டினான். பின்னால் நீரஜா கேட்டாள்: "ஒருத்தர் ஆத்துலேந்து இன்னொருத்தர் ஆத்துக்குப் போறதுக்குள்ள உனக்கு இடுப்பு விட்டுப்போகாதோ?"

"விட்டுப்போவும் ஆன்ட்டி. அதுக்கு நானே எனக்குப் பயிற்சி குடுத்துக்கணும். அதான் நேரமில்ல." ஹானி சிரித்தாள். "என் பேஷன்ட்டுங்கள விட அவங்க வீட்ல கூட இருக்கறவங்களுக்குத்தான் உடம்பெல்லாம் இறுகிக் கெடக்கும். தோள்பட்டை கல்லு மாதிரி இருக்கும். கேட்டா, எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்னுவாங்க."

நீரஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பட்டினப்பாக்கத்தில் மீன் கடைகள் ஓரமாக ஒரு பூவரசு நிழலில் ஃபாரூக் வண்டியை நிறுத்தினான். வஞ்சிரம் விலை கேட்டு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வெயிலில் கடல் வெள்ளைத் தகடாகக் கண்ணைக் குத்தியது. அவன் பையிலிருந்து தீப்பெட்டி அளவு கருவி ஒன்றை எடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, போனைத் தட்டினான்.

"எடுக்கறச்சே எண்பது. இவ்வளவு தூரம் வந்ததுக்கு இப்ப அறுபத்தஞ்சு இருக்கணும்" என்றார் ராமானுஜம், கடலைப் பார்த்தபடி.

"எண்பத்தொண்ணு கீது சார்."

"பாத்தேளா! நான் சொன்னதை விட ஜாஸ்தி."

"காலைல நூறு இருந்துச்சு சார்."

ராமானுஜம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் இருந்த வெளிச்சத்தை உற்றுப் பார்த்தார். அவருக்கு ஒரு பச்சைப் பூச்சு தெரிந்தது. எண் தெரியவில்லை. வருஷக்கணக்காகவே தெரியவில்லை. அதை எண்பது என்றுதான் படித்து வந்தார். தான் எழுதி ஒட்டியதைத்தானே மனுஷன் படிப்பான்.

போனில் எண்கள் ஓடி நின்றன. ஃபாரூக் உதட்டைப் பிதுக்கினான். இந்த இடத்தில் அவனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பேரத்துக்கு இதைவிட நல்ல சீட்டு கிடைக்காது. ஆனால் அவன் குரல் தணிந்துதான் வந்தது. "புதுசுல நூறு பிடிக்கும்னா, இப்ப எழுபத்தெட்டு தான் பிடிக்கும் சார். இவ்ளோ கம்மியா ஓடின வண்டிக்குத் தொண்ணூறுக்கு மேல இருக்கணும். இது ஓடிக் கெட்டது இல்ல. ஃபுல்லா போட்டுப் போட்டு வெக்கைல நிறுத்தியே கெட்டது."

"இம்பாசிபிள்."

"மெஷின் சொல்லுது சார்."

"மெஷின் பொய் சொல்லும். டைமர் என் கையால திருகறேன்." சட்டென்று அவர் முகம் தெளிந்தது. குற்றவாளி கிடைத்துவிட்ட தெளிவு. "ஏகாம்பரம். அவன்தான். கீழ இருக்கறவன் அவன் ஒருத்தன். என்னமோ உபகாரம் பண்றதா நினைச்சுண்டு திருகிவிட்டிருக்கான். போனதும் முதல் காரியம், ஏஜென்சிக்குச் சொல்லி ஆளை மாத்தறேன்."

பின்னால் நீரஜாவின் கை புடவைத் தலைப்பை முறுக்கியது. முறுக்கிய விரல் வெளுத்துப்போனதை ஹானி பார்த்தாள். விரல்களைப் பார்ப்பது அவள் தொழில்.

"அவன் பண்ணியிருக்க மாட்டான்" என்றாள் நீரஜா.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

"போலாம் சார், போய்ப் பேசிக்கலாம்" என்று ஃபாரூக் வண்டியை எடுத்தான்.

 முதல் தடவையாக ராமானுஜம் பிரேக்கை மறந்திருந்தார். சாந்தோமில் மாதா கோயில் பூசை முடிந்த கூட்டம் ரோட்டை அடைத்திருந்தது. ஏசி இரைந்தது. வண்டி நிற்பதும் நகர்வதுமாக இருந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே, பின் சீட்டிலிருந்து, கொசு பறப்பது போல ஒரு குரல் வந்தது.

"எண்பது."

கொஞ்ச தூரம் கழித்து மறுபடியும்.

"எழுபத்தொன்பது."

தான் சொல்வது நீரஜாவுக்கே தெரியவில்லை. அவள் கண் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே முன்னால் இருந்த எண்ணில் நின்றிருந்தது. ஏகாம்பரத்தைக் காப்பாற்ற வீட்டுக்குப் போனதும் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தவளின் வாய், அது பாட்டுக்கு, பழகிய வேலையைச் செய்துகொண்டிருந்தது.

ராமானுஜம் திரும்பவில்லை. திரும்பினாலும் ஓரத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது. ஆனால் காது நன்றாகக் கேட்கும். அந்தக் குரலை அவர் முன்பே கேட்டிருக்கிறார். மார்பில் பாறாங்கல்லும் கண்ணில் இருட்டுமாகக் கிடந்த அந்த அறுபத்துமூவர் மத்தியானம், தலைக்கு மேலே யாரோ எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஏதோ ஸ்லோகம் என்று நினைத்திருந்தார். சகஸ்ரநாமத்தில் எங்கே எண்கள் வருகின்றன என்று அப்புறம் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

கச்சேரி ரோடு திரும்பியதும் அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார். சொற்பொழிவுக்கு முன்னால் செருமுகிற அதே செருமல்.

"மிஸ்டர் ஃபாரூக்."

"சொல்லுங்க சார்."

"ஏகாம்பரம் இல்லை. நான்தான்."

"இன்னா சார்?"

"நூறு போட்டு வெச்சது நான்தான். ஊருக்கு எண்பதுன்னு எழுதி ஒட்டிட்டு, நான் நூறு போட்டுண்டேன். அவசரத்துக்கு இருக்கட்டுமேன்னு. ஒரு... பயம். சொல்லிக்க வெக்கமா இருந்தது."

பின்னால் எழுபத்தெட்டு பாதியில் நின்றது.

ஃபாரூக் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தான். ஹானி ஒரே ஒரு முறை தலையை அசைத்தாள், வாயை மூடிக்கொண்டு ஓட்டு என்பது போல. அவன் மூடிக்கொண்டான். நாலு மாத யூட்யூபில் இதற்கு ஒன்றும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. லஸ் முனை சிக்னலில் மட்டும், யாரையும் பார்க்காமல் சொன்னான்: "பரவால்ல சார். எங்க அத்தாவும் அப்படித்தான். குக்கிங் கேஸ் ரெண்டு சிலிண்டர் ஃபுல்லா இருந்தாத்தான் தூங்குவாரு."

வீட்டுக்கு வந்ததும் ஹானி போனில் கணக்குப் போட்டாள். ராயப்பேட்டை, அடையாறு, ஆதம்பாக்கம், மறுபடி ராயப்பேட்டை. "எழுபத்தெட்டு இருந்தாலும் எனக்கு ரெண்டு நாளைக்கு ஓடும். நான் என்ன பெங்களூரா போறேன்?" ஃபாரூக் விலையைக் குறைத்துக் கேட்டான், கேட்காவிட்டால் பேட்டர்ஸ் ரோட்டில் தலைகாட்ட முடியாது. ராமானுஜம் முதல் வார்த்தையிலேயே சரி என்றார். அதில் ஃபாரூக்குக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்கள். மிச்ச பஜ்ஜியை ஹானி கேட்டு வாங்கிக்கொண்டாள். நீரஜா அதை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

அவர்கள் போனதும் நீரஜா நின்றபடியே கேட்டாள். "ஏன் பொய் சொன்னேள்?"

"எது பொய்? ஆர்.சி. புக்ல யார் பேர் இருக்கு? வண்டிக்கு என்ன ஆனாலும் என் பொறுப்பு." பேப்பரை விரித்தார். தலைகீழாக இல்லை என்பதே ஆச்சரியம். பேப்பருக்குள்ளிருந்து கேட்டார். "அன்னிக்கு என்னைப் பாக்காம நம்பரைப் பாத்துண்டிருந்தியா?"

"உங்க மூஞ்சியப் பாக்க பயமா இருந்தது." அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "நம்பர் குறைஞ்சா ஒண்ணுதான் குறையறதுன்னு தெரிஞ்சது. உங்க மூஞ்சியில எதுவுமே தெரியல."

பேப்பர் இறங்கவில்லை. "அது வெறும் வாயுதான், நீரஜா" என்றார்.

கார்டியாக் எபிசோட் அன்றோடு முடிந்தது.

"கண்ணும் ரொம்ப மோசம்" என்றார் அப்புறம். "உன்கிட்ட சொன்னதை விட."

"தெரியும். போன மாசம் லிஃப்ட்ல உங்க நோட்டீஸுக்கே நமஸ்காரம் சொன்னேளே, யாரோ நிக்கறான்னு."

வியாழக்கிழமை காலை ஹானி தனியாக வந்தாள். பஜ்ஜி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் அவள் மாமியார் போட்டனுப்பிய பேரீச்சம்பழம் இருந்தது. கீழே வண்டி துடைத்து நின்றது. ராமானுஜம் பக்கத்தில் வேஷ்டி சட்டையில், பெண்ணை அனுப்புகிற தகப்பன் மாதிரி. நீரஜா பிள்ளையார் மாடத்தருகே நின்றாள். ஹானி உள்ளே உட்கார்ந்து எண்ணைப் பார்த்தாள்.

"அங்கிள், நூறு இருக்கு."

"நேத்து நானே போட்டேன்."

"எண்பது போதும்னு எழுதி ஒட்டியிருக்கீங்களே."

"எழுதியிருக்கேன். இனிமே நீ எண்பதுதான் போடணும், தெரிஞ்சுதா? வெயில்ல நிறுத்தாதே. ஆனா டப்பாவை நீ காலியா குடுத்தியா? வண்டியை நாங்க மட்டும் காலியா குடுப்போமா?"

ஹானி இறங்கி வந்தாள். தூணருகே போய் அறிவிப்பை மெதுவாக உரித்தாள்.  அதன் வெள்ளைப் பின்பக்கத்தில், பையிலிருந்த மார்க்கரால், உள்ளங்கை உயரத்துக்கு ஒவ்வோர் எண்ணாகத் தன் போன் நம்பரை எழுதித் திருப்பி ஒட்டினாள். "அடையாறு போற வழியில தினமும் இந்தப் பக்கம்தான் ஆன்ட்டி. வாயுவா இருந்தாலும் கூப்பிடுங்க."

"உனக்கு யார் சொன்னா?" என்றார் ராமானுஜம்.

"பஜ்ஜி சொல்லிச்சு" என்றாள் ஹானி, நீரஜாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி.

வண்டி சத்தமில்லாமல் சந்தைத் தாண்டியது. ஏகாம்பரம் கேட்டைச் சாத்திவிட்டு வந்தான். "அம்மா, இனிமே வெளக்க மட்டும் ஏத்திட்டு மேல போய்டலாம் நீங்க" என்றான், முகத்தில் எந்தக் குறிப்பும் இல்லாமல்.

அந்தியில் நீரஜா விளக்கேற்றக் கீழே வந்தபோது ராமானுஜம் முன்பே வந்து தூண் எதிரில் நின்றுகொண்டிருந்தார். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைகூட இல்லை. மின்கார் விட்டுப் போவது வெறும் இடம்தான். அவள் திரியைத் தூண்டினாள். வெளிச்சம் தூண் வரை எட்டியது. கை தன்னையறியாமல் டைமரிடம் போய், திரும்பி வந்தது.

"அவ்வளவு பெரிசா எழுதியும் தெரியலை" என்றார் அவர். "என்ன நம்பர்?"

"போன்ல போட்டு வெச்சிருக்கேனே."

"போன் இல்லாதபோது? நீ இல்லாதபோது? மனப்பாடம் பண்ணிக்கறேன். சொல்லு."

அவள் தூணைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள். அதே கொசுக் குரல். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றையும் அவள் பின்னாலேயே சொன்னார். கடைசிக்கு முந்தின எண்ணில் தவறினார்.

"இரு இரு" என்றார். "முதல்லேந்து சொல்லு."